ஒற்றைக் கம்பியில் ஓர் அவை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவியின் முன் மனித வரிசை நீளும். அருவி எல்லார்க்கும் பொது. ஆயின் அதன் கீழ் நிற்கும் இடமோ சிறிது. முன்னே சென்றவர் சிறிது பொழுது நனைந்து, பின்னே நிற்பவர்க்கு இடம்விட்டு விலகவேண்டும். விலகாதாரைக் காவலரின் ஊதல் விலக்கும். எவரும் சொல்லாமலே தாமாக விலகுபவரைக் காணுந்தோறும் நம் உள்ளமும் சேர்ந்து குளிர்கிறது. தென்காசியிலேயே வாழ்ந்தும், ஆண்டுதோறும் அவ்வருவியில் நீராடியும், இந்த எளிய பாடத்தை யாம் அங்குக் கற்றிலோம். எம் இல்லத்துத் தொலைபேசிக் கம்பி ஒன்றே அதனை எமக்குக் கற்பித்தது. அதற்கு யாம் கொடுத்த விலை பெரிது.

எம் இல்லத்து முன்னறையில் ஒரு மேசை. அதன்மேல் பழைய கணிப்பொறி ஒன்று. அதனருகே உள்ளங்கை அகலமுள்ள ஒரு பெட்டி. அப்பெட்டியிலிருந்து சுவர் நோக்கிச் செல்லும் தொலைபேசிக் கம்பி. இரவு எட்டு மணிக்குமேல் தொலைபேசி மணி ஒலிக்கும். வீட்டில் எவரும் அதனை எடுப்பதில்லை. இரண்டாம் மணியில் அப்பெட்டியே அழைப்பை ஏற்றுக் கீச்சென்றும் இரைந்தும் சில நொடிகள் ஒலியெழுப்பி அடங்கும். திரையில் ஒரு பெயர் தோன்றும். ஊரின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் எம் பலகைக்குள் நுழைந்துவிட்டார் என்பது அதன் பொருள்.

'புல்லட்டின் போர்டு சிஸ்டம்' என ஒருகாலத்தில் உலகெங்கும் வழங்கிய தொலைபேசி வழித் தகவற்பலகையே இது. சட்டைப்பைக்குள் உலகம் அடங்கிவிட்ட இந்நாளில், ஒருவர் பின் ஒருவராக வந்து எழுத்தை மட்டும் படித்துச் செல்லும் இப்பலகையைக் காணும் மாணவர்கள் நகைப்பர். "சார், இது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியது" என்பர். அந்நகைப்பை யாம் குறையாகக் கொண்டதில்லை. ஆனால் கூர்த்த மதியுடைய மாணவி ஒருத்தி ஒருநாள் வேறொன்று கேட்டாள்: "வாரத்தில் ஆறு நாளும் திறந்திருக்கும் பலகை, வியாழக்கிழமை இரவில் மட்டும் ஏன் அடைத்திருக்கிறது, சார்?" அன்று யாம் விடையிறுத்திலோம். மலர்க்குழுவினர் கட்டுரை வேண்டியபோது, அவ்விடையையே எழுதித் தருவது எனத் துணிந்தோம்.

பலகை பிறந்த கதை

1978ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்காவின் சிக்காகோ நகரைப் பெரும் பனிப்புயல் மூடியது. வெளியே செல்ல இயலாது வீட்டிலிருந்த வார்டு கிறிஸ்டென்சன், தம் நண்பர் இராண்டி சூயஸுடன் தொலைபேசியில் உரையாடினார். இருவரும் ஒரு கணிப்பொறி ஆர்வலர் மன்றத்தின் உறுப்பினர். அம்மன்றத்தில் உறுப்பினர் துண்டுத்தாள்களில் செய்தி எழுதிக் குத்திவைக்கும் பலகை ஒன்று இருந்தது. அப்பலகையை ஏன் ஒரு கணிப்பொறிக்குள் வைத்துத் தொலைபேசி வழியாகத் திறந்துவிடக் கூடாது என்னும் எண்ணம் அவ்வுரையாடலில் முளைத்தது. அவ்வாண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அப்பலகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இவ்வகையில் உலகின் முதற்பலகை அதுவே.

கணிப்பொறிக்குத் தெரிந்தவை சுழியும் ஒன்றும். தொலைபேசிக் கம்பிக்குத் தெரிந்ததோ ஒலி. சுழியையும் ஒன்றையும் ஒலியாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் அவ்வொலியை மீண்டும் சுழியும் ஒன்றுமாக மாற்றுவதே மோடம் என்னும் கருவியின் பணி. மேலே கூறிய பெட்டி அதுவே. தொடக்கக் காலத்து மோடம் நொடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. எழுத்து ஒன்றுக்கு முன்னும் பின்னும் வரும் எல்லைக்குறிகளையும் சேர்த்துப் பத்துப் பிட்டுகள் எனக் கொண்டால், நொடிக்கு முப்பது எழுத்துகள். மனிதர் படிக்கும் வேகத்துக்கு அது ஏறத்தாழ ஒத்தது. சிக்காகோப் பலகைக்கு இருந்தது ஒரே தொலைபேசி. ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர்க்கு 'எங்கேஜ்டு' ஒலிதான் கேட்கும். அவ்வொற்றை வாயில் வழியாகவே, அது மூடப்படும் வரை, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்து சென்றன.

கிறிஸ்டென்சன் 1977ஆம் ஆண்டிலேயே 'எக்ஸ்மோடம்' என்னும் நெறி ஒன்றை வகுத்திருந்தார். அனுப்பவேண்டியதை 128 பைட்டுகள் கொண்ட சிறுசிறு கட்டுகளாகப் பிரித்து அனுப்பவேண்டும். ஒவ்வொரு கட்டும் சென்றடைந்ததும் மறுமுனை 'கிடைத்தது' என்று சொல்லவேண்டும். சிதைந்திருந்தால் 'மறுபடி அனுப்புக' என்று கேட்கவேண்டும். 'கிடைத்தது' என்னும் மறுமொழி வரும்வரை அனுப்புவோர் அடுத்த கட்டைத் தொடுதல் ஆகாது. எதிரே இருப்பவர்க்கு நம் சொல் சென்று சேர்ந்ததா எனக் கேளாமலே மேன்மேலும் பேசிச் செல்லும் நம் பழக்கத்தை எண்ணும்போது, இந்நெறி கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று எனத் தோன்றுகிறது. சூயஸ் 2019ஆம் ஆண்டிலும், கிறிஸ்டென்சன் 2024ஆம் ஆண்டிலும் மறைந்தனர்.

நம் நாட்டிலும் 1990களில் பெருநகரங்களில் இத்தகைய பலகைகள் இயங்கின. பெங்களூரில் அதுல் சிட்னிஸ் நடத்திய சி.ஐ.எக்ஸ். அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. பிற்காலத்தில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்குப் பெருந்தொண்டாற்றி 2013இல் மறைந்தவர் அவர். 1990களின் நடுப்பகுதியில் இத்தகைய பலகைகளுக்குப் பெருந்தொகையை உரிமக் கட்டணமாக விதிக்க அரசுத் துறை முனைந்ததும், ஆர்வலர்கள் அதனை எதிர்த்துக் குரலெழுப்பியதும் உண்டு. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதன்பின் பலகைகள் ஒவ்வொன்றாக ஒளி குன்றின.

ஒருவர் இல்லத்தில் பலர் கூடிச் சுவைத்துப் பேசும் அவை நம் நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. இரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் இல்லத்துத் தொட்டிக்கட்டில் அன்பர்களைக் கூட்டித் தமிழ்ச்சுவை பருகியதும், அது 'வட்டத்தொட்டி' எனப் பெயர்பெற்றதும், பின்னர் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோது அன்பர்கள் அங்கும் நாடி வந்ததும் நாடறிந்தவை. அவ்வவைக்குத் தலைமை நாற்காலியோ தீர்மானமோ இல்லை; வீட்டுக்காரரின் அன்பும் வந்தவரின் பண்புமே அதனை நடத்தின. தகவற்பலகையும் அத்தகையதே. அதற்கும் ஒரு வீட்டுக்காரர் உண்டு. வாயிலைத் திறந்து வைப்பதும், வந்தவர் விட்டுச்சென்ற சொல்லைப் பேணுவதும், ஒருவரே முற்றத்தை நிறைத்துக்கொள்ளாமல் பார்ப்பதும் அவருடைய கடமை. இந்த மூன்றாம் கடமையிலேதான் யாம் தவறினோம்.

ஒரு வியாழன் இரவு

1996ஆம் ஆண்டு. யாம் அப்போது கல்லூரியில் ஆசிரியப் பணியில் இருந்தோம். எம் தெருவில் தொலைபேசி இருந்த வீடுகள் மூன்றோ நான்கோதான். அண்டை வீட்டார் எம் எண்ணையே தம் உறவினர்க்குப் 'பி.பி. நம்பர்' எனக் கொடுத்திருந்தனர். அழைப்பு வந்தால் யாம் ஓடிச்சென்று குரல் கொடுப்போம். அவர்கள் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடாதிருக்க எம் வீட்டார் ஒலிவாங்கியில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பர். அது அக்காலத்து அண்டை அறம்.

எதிர்வீட்டுப் பெரியவரின் ஒரே மகன் சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில் தொழில் செய்துவந்தார். அங்கு அப்போது வார விடுமுறை வியாழனும் வெள்ளியும். ஆதலால் வியாழன் இரவே அவர் அழைக்கும் இரவு. பெரியவர் இஷாத் தொழுகை முடித்து எம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்வார். "தம்பி, மணி அடிச்சா ஒரு குரல் குடுங்க" என்பார். அவர் எமக்கு இரண்டடி தொலைவில் அமர்ந்திருந்தும் ஒவ்வொரு வாரமும் தவறாது அதனைச் சொல்வார்.

அவ்வாண்டுதான் யாம் சென்னை சென்று, நொடிக்கு 2400 பிட்டுகள் அனுப்பும் மோடம் ஒன்றை வாங்கி வந்திருந்தோம். இரவு முதிர்ந்தபின் எஸ்.டி.டி. கட்டணம் கால் பங்காகக் குறையும். அவ்வேளையில் பெங்களூரிலிருந்த பலகை ஒன்றை அழைப்போம். முகமறியா மனிதர் எழுதிய வரிகள் இருண்ட திரையில் எழுத்தெழுத்தாக ஊர்ந்து வருவதைக் காணும்போது, பொதிகை மலைக்கு அப்பாலும் ஒரு வட்டத்தொட்டி இருக்கிறது என்னும் பெருமிதம் எமக்கு உண்டாகும்.

அந்த வியாழன் இரவு பத்து மணியாகியும் தம்மாமிலிருந்து அழைப்பு வரவில்லை. பெரியவர்க்குச் சில நாள்களாக மார்புச்சளி. "இன்னைக்கு வேலை போல" என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே எழுந்து சென்றார். இனி அழைப்பு வாராது எனக் கருதி, பதினொரு மணியளவில் மோடத்தை இயக்கினோம். அரைமணி நேரம் என்று அமர்ந்த யாம் எழுந்தபோது மணி ஒன்றைக் கடந்திருந்தது. வைகறைப் பாங்கொலிக்குச் சற்று முன்னர் எதிர்வீட்டில் அழுகுரல் கேட்டது. பெரியவர் இறையடி சேர்ந்துவிட்டார்.

காலையில் மகனுக்குச் செய்தி சொன்னவர்களும் யாமே. சிறிது நேரம் மறுமுனையில் ஒலியே இல்லை. பிறகு அவர் கேட்டார்: "சார், ராத்திரி உங்க நம்பரத்தான் அடிச்சேன். எங்கேஜ்டாவே இருந்துச்சே?"

யாம் சொன்ன விடை: "லைன் கோளாறு."

கம்பியில் ஒரு கோளாறும் இல்லை. எம் பிழையை வாயற்ற ஒரு கம்பியின்மேல் ஏற்றினோம். தந்தையின் குரலை இறுதியாக ஒருமுறை கேட்டிருக்கவேண்டிய செவிக்கு யாம் பொய்யைக் கொடுத்தோம். அன்றே மோடத்தைப் பெட்டியில் இட்டுப் பரணில் ஏற்றினோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது.

மீண்டும் திறந்த வாயில்

கைப்பேசி வந்தது, பி.பி. நம்பர் என்னும் சொல்லே மறைந்தது. 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தந்திச் சேவையும் விடைபெற்றது. யாம் 2018இல் ஓய்வு பெற்றோம். மறு ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாக மலர்ந்தது. ஊரெங்கும் மகிழ்ந்திருந்த அந்நாள்களில் பரணைத் துப்புரவு செய்தபோது அப்பெட்டி கையில் அகப்பட்டது. எறிந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். அவ்வெண்ணம் மனச்சான்றுக்கு ஒவ்வவில்லை. பிறருடைய இணைப்பை அடைத்த கருவியைக் கொண்டே பிறர்க்கு ஓர் இணைப்பைத் திறந்து வைப்பது எனத் துணிந்தோம்.

'சிங்க்ரோநெட்' என்னும் மென்பொருள் 1990களிலிருந்து இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு, விலையின்றிக் கிடைக்கிறது. கழிக்கப்பட்ட கணிப்பொறி ஒன்றில் அதனைப் பொருத்தினோம். சிக்கல் தமிழில் எழுந்தது. 1990களில் தமிழ் எழுத்துகளுக்கு ஆளுக்கொரு குறியீடு இருந்தது. ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் கோடும் புள்ளியுமாகத் தெரியும். ஆதலால் பலரும் ரோமன் எழுத்திலேயே தமிழை எழுதினர். இன்று யூனிகோடு உள்ளது. அதில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. ஆயினும் 'தென்காசி' என்னும் சொல்லை ரோமன் எழுத்தில் எழுத ஏழெட்டு பைட்டுகள் போதும். தமிழில் எழுதினாலோ எட்டுக் குறிகள், குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுகள், ஆக 24 பைட்டுகள். நொடிக்கு முப்பது எழுத்துகள் ஊர்ந்த பழைய கம்பியில் நம் ஊர்ப்பெயர் மட்டும் வந்துசேர ஏறத்தாழ ஒரு நொடி ஆகியிருக்கும். 'ரோமன் எழுத்தே விரைவு' என்று சிலர் அறிவுறுத்தினர். தாய்மொழிக்காக மும்மடங்கு பொறுத்திருக்க முடியாதவர்க்கு எம் பலகை ஏற்றதன்று எனக் கூறிவிட்டோம்.

வருவோர் மிகச் சிலர். ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர் ஒருவர். கடையநல்லூரிலிருந்து ஓர் இளைஞர். செங்கோட்டையில் ஓர் ஆசிரியை. யாம் பயிற்றுவித்த மாணவர் சிலர். மோடம் இல்லாத அயல்நாட்டு அன்பர்கள் 'டெல்நெட்' என்னும் பழைய இணைய முறையால் வருவர். ஓரிரவில் மூவர் வந்தால் எமக்குத் திருநாள். மழைப்பதிவு, நூல் மதிப்புரை, வட்டாரச் சொற்கள், தேர்வுக்குப் படிக்கும் மாணவரின் ஐயங்கள் ஆகியவை அங்குக் கிடைக்கும். ஆனி, ஆடிச் சாரலில் கம்பியின் இணைப்புகளில் ஈரம் புகும்; இரைச்சல் எழும். இரு மோடங்களும் தம்முள் பேசி வேகத்தைக் குறைத்துக்கொண்டு உரையாடலைத் தொடரும். சில நாள் இணைப்பு அறுந்துபோகும். 'குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது போலும்' என்று எழுதிவிட்டு மறுநாள் வருவர்.

பலகைக்கு விதிகள் இரண்டே. முதலாவது, ஒருவர்க்கு இருபது நிமிடம். அதன்பின் அடுத்தவர்க்கு வழிவிட வேண்டும். இரண்டாவது, வியாழன் இரவில் பலகை எந்த அழைப்பையும் ஏற்காது. அன்றிரவு கம்பி மனிதக் குரலுக்காக வெறுமையாகக் காத்திருக்கும். இன்று அவ்வழியே எவரும் அழைக்கப்போவதில்லை என்பதை யாம் அறிவோம். ஆயினும் காத்திருக்கும்.

கம்பி போயிற்று

2023ஆம் ஆண்டு, இணைப்பைப் பார்க்க வந்த ஊழியர் சொன்னார்: "சார், இந்தத் தெருவுல காப்பர் லைன் உங்க ஒரு வீட்டுக்குத்தான் ஓடுது. ஃபைபருக்கு மாத்திருங்க." அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு வீட்டுக்காக நெடுந்தொலைவுச் செம்புக் கம்பியை எவர் பேணுவர்? ஆனால் ஒளியிழையில் குரல் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. பொட்டலம் ஒன்று சற்றுத் தாமதித்தால் மனிதச் செவி அதனை உணர்வதில்லை. மோடமோ தடுமாறி இணைப்பையே விட்டுவிடும். பலகையை மூடும் நாள் வந்ததென்றே கருதினோம். இளைஞர்கள் விடவில்லை. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தனர். நொடிக்கு 2400 பிட்டில் இணைப்பு நிலைத்தது. 1996இல் யாம் வாங்கிய மோடத்தின் வேகமும் அதுவே.

எதிர்வீட்டுப் பெரியவரின் மகன் வளைகுடாவிலிருந்து திரும்பித் தென்காசியிலேயே கடை வைத்திருக்கிறார். எம்மிடம் மிகுதியாக இருந்த மோடம் ஒன்றைக் கேட்டுப் பெற்றுத் தம் கடைத் தொலைபேசியில் பொருத்திக்கொண்டார். கடை அடைத்தபின் பலகைக்கு வருவார். அன்றைய விலைவாசியை ஒரு வரியில் எழுதிச் செல்வார். நாள்தோறும் அவர் பெயரைத் திரையில் காணும்போது எம் நெஞ்சு ஒருகணம் சுருங்கும். நேரில் சொல்ல நா எழவில்லை. சென்ற ஆண்டுச் சாரற்காலத்து ஓர் இரவில், அவர் ஒருவர் மட்டும் படிக்கும் வகையில் அவர்க்கு ஒரு மடல் எழுதினோம். அன்று கம்பியில் கோளாறு இல்லை என்றும், யாமே அதனைப் பிடித்துவைத்திருந்தோம் என்றும், இத்தனை ஆண்டும் மறைத்ததே அதனினும் பெரும்பிழை என்றும் எழுதினோம்.

மூன்று நாள் அவர் வரவில்லை. நான்காம் நாள் இரவு மணி ஒலித்தது. வரிகள் மெல்ல ஊர்ந்து வந்தன.

"சார், உங்கள் கடிதம் கிடைத்தது. அன்று நான் நான்கு முறை முயன்றேன். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. ஒருவர் அழுதுகொண்டு நின்றார். அவருக்கு இடம் விட்டுவிட்டு, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அறைக்குப் போய்விட்டேன். திரும்பவும் வரிசையில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இதை நானும் யாரிடமும் சொன்னதில்லை. வாப்பா உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அது எனக்குத் தெரியாது. அன்று எவ்வளவு நேரம் இருந்தார்கள்? என்ன பேசினார்கள்? அதை எழுதுங்கள்."

மன்னித்தேன் என்று அவர் எழுதவில்லை. யாமும் கேட்கவில்லை. அவர் கேட்டதை எழுதத் தொடங்கினோம். பெரியவர் போர்த்தியிருந்த துண்டு, அன்று அவர் குடிக்காமல் ஆறவிட்ட தேநீர், 'இன்னைக்கு வேலை போல' என்ற சொல் என நினைவில் இருந்தவை அனைத்தையும் எழுதினோம். இருபது நிமிடத்தில் முடியவில்லை. விதியை மதித்து இணைப்பை விட்டோம். அடுத்தவர் வந்து சென்றபின் மீண்டும் தொடர்ந்தோம். அவ்வாறு பல இரவுகள் ஆயின.

மாணவச் செல்வங்களே! உங்கள் காலத்தில் வாயில்கள் பல. வரிசையில் நிற்கவேண்டிய தேவை குறைவு. அது நற்பேறே, அதனை யாம் பழிக்கவில்லை. ஆயினும் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் பொழுதில் உங்கள் குரலுக்காக வேறெங்கோ ஒருவர் காத்திருக்கக்கூடும் என்பதை மட்டும் மறவாதீர். கிடைத்தது என்று ஒரு சொல் சொல்லுங்கள். பிழை நேர்ந்தால் கம்பியின்மேல் ஏற்றாதீர்.

அம்மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுவே. இன்றும் வியாழன் இரவில் எம் பலகை அடைத்தே இருக்கும். தொலைபேசி மணி ஒலித்தால், எடுப்பதற்கு யாம் அருகிலேயே அமர்ந்திருப்போம்.